கிந்தாவின் கலங்கல்: பேராக் தோட்டங்களில் நீரை அளந்த வரலாறு

தித்திவங்சா மலைத்தொடருக்கும் அதற்கு மேற்கே தனித்து நிற்கும் கிளேடாங் தொடருக்கும் இடையே, சுண்ணாம்புக் குன்றுகள் சமவெளியிலிருந்து செங்குத்தாக எழும் கிந்தாப் பள்ளத்தாக்கு, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் நடுநாயகமாக அமைந்துள்ளது. ஈப்போ நகரின் ஊடே ஓடும் கிந்தா ஆறு, ராயா, கம்பார் முதலிய துணையாறுகளைச் சேர்த்துக்கொண்டு தெற்கே சென்று பேராக் ஆற்றில் கலக்கிறது. இப்பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்பதைவிட, அதன் பெரும்பகுதி பிற்பகல் இடிமழையாக ஓரிரு மணி நேரத்துக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது என்பதே மண்ணைப் பொறுத்தவரை முக்கியமானது. அவ்வாறு பெய்யும் மழையில் நிலத்துக்குள் இறங்காமல் மேற்பரப்பிலேயே ஓடி, வழியில் மண்ணையும் உரத்தையும் பூச்சிமருந்தையும் வாரிக்கொண்டு ஓடையில் சேரும் பகுதியை வழிந்தோடு நீர் என்பர். கிந்தாவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் கடந்த ஒன்றரை நூற்றாண்டில் ஈயம், ரப்பர், செம்பனை ஆகிய மூன்று தொழில்கள் இந்த வழிந்தோடு நீரின் நிறத்தையும் குணத்தையும் அடுத்தடுத்து மாற்றின. ஒவ்வொரு காலத்திலும் நீரில் எதை அளப்பது, யார் அளப்பது, எந்த இடத்தில் நின்று அளப்பது என்பதை அறிவியல் மட்டும் முடிவு செய்யவில்லை. கலங்கிய நீரால் யாருக்கு நட்டம், அந்த நட்டத்தை எடுத்துச் சொல்ல அவருக்கு எவ்வளவு செல்வாக்கு என்பவையே பெரிதும் முடிவு செய்தன என்பது இவ்வரலாற்றைத் தொடர்ந்து பார்ப்பவருக்குப் புலனாகும்.

முதலில் நட்டக்கணக்கில் ஏறியது ஈயத்தின் சேறு. ஈய லம்பம் என்று தோட்டத் தமிழர் வழங்கிய ஈயச் சுரங்கங்கள், நிலத்தடியில் குடையப்பட்டவை அல்ல. ஈயக்கனிமம் கலந்த மண்ணை வலுவான நீர்ப்பீச்சால் கரைத்து, அந்தக் குழம்பைப் பம்பு வைத்து மேலேற்றி, பாலோங் எனப்படும் நீண்ட சாய்வான மரத்தொட்டியில் ஓடவிட்டு, கனத்த ஈய மணல் அடியில் தங்க, மற்றதையெல்லாம் நீரோடு வெளியேற்றும் திறந்தவெளிக் குழிகள் அவை. 1913இல் மாலிம் நாவாரில் மலாயாவின் முதல் வாளித் தூர்வாரிக் கப்பல் வேலையைத் தொடங்கிய பின், மனிதக் கையும் சிறு பம்பும் புரட்டியதைவிடப் பன்மடங்கு மண் புரட்டப்பட்டது. இவ்வாறு கழுவி விடப்பட்ட மணலும் களிமண்ணும் ஆற்றுப்படுகைகளை உயர்த்தின. படுகை உயர்ந்த ஆறு, சிறு மழைக்கும் கரையை மீறியது. இதன் கடைசி எல்லையைக் காண விரும்பியவர்கள் அண்டை மாநிலமான சிலாங்கூரில் உள்ள கோலகுபுவுக்குச் சென்றால் போதும்: மேல்பகுதியிலிருந்து வந்த லம்ப வண்டலில் அந்தப் பழைய ஊர் புதையத் தொடங்கவே, 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது கைவிடப்பட்டு, சற்றுத் தள்ளி கோலகுபு பாரு என்ற புதிய ஊர் எழுப்பப்பட்டது.

ஆங்கிலேய நிருவாகம் இதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். பேராக் உள்ளிட்ட கூட்டு மலாய் மாநிலங்களில் 1917இல் வண்டல் கட்டுப்பாட்டுச் சட்டமும், 1920இல் ஆறுகளை மாநில ஆட்சியாளரின் உடைமையாக்கி அவற்றைத் திருப்பவும் மறிக்கவும் உரிமம் தேவை என்று விதித்த நீர்நிலைச் சட்டமும் கொண்டுவரப்பட்டன. 1926ஆம் ஆண்டின் பெருவெள்ளம் பேராக்கையும் கிழக்குக்கரை மாநிலங்களையும் உலுக்கியது. 1932இல் வடிகால் நீர்ப்பாசனத் துறை தனியே நிறுவப்பட்டது. பேராக்கின் வடக்கே, 1906இல் கட்டி முடிக்கப்பட்ட புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தை நம்பி விளைந்த கிரியான் நெல்வயல்கள் இருந்தன. நெல்லுக்குப் போகும் நீரும் லம்பத்துக்குப் போகும் நீரும் ஒரே மழையிலிருந்து வருபவை என்ற உண்மை அதிகாரிகளுக்கு உறைத்திருந்தது. எனினும் சுரங்க விதிகள் வகுத்த வரம்பு எவ்வளவு தாராளமானது என்பதை ஒரே ஓர் எண் காட்டிவிடும். சுரங்கத்திலிருந்து வெளியேறும் நீரில் ஒரு கேலனுக்கு 800 கிரெயின் வரை திடப்பொருள் இருக்கலாம் என்று அவை அனுமதித்தன. இன்றைய அளவையில் இது லிட்டருக்குச் சுமார் 11 கிராம், அதாவது 11,000 மில்லிகிராமுக்கும் மேல். குடிநீருக்கு எடுத்துச் சுத்திகரிக்கத் தகுந்த ஆற்றுநீரில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று மலேசியாவின் இன்றைய நீர்த்தர வகைப்பாடு சொல்கிறது. இருநூறு மடங்குக்கும் மேற்பட்ட இந்த இடைவெளிக்கு அக்கால அறிவியலைக் குறைகூற இயலாது. ஈயம் மாநிலத்தின் வருவாயாக இருந்தபோது, அந்த வருவாயைத் தடுக்காத அளவுக்கு மட்டுமே சேற்றுக்கு வேலி போடப்பட்டது. ஆனாலும், ஒரு நிலத்திலிருந்து வெளியேறும் நீரைப் புட்டியில் பிடித்து, எடை போட்டு, உரிமையாளரைப் பொறுப்பாக்கலாம் என்ற கருத்து பேராக் மண்ணில் வேரூன்றியது இந்த விதியால்தான்.

பள்ளத்தாக்கின் அடியில் ஈயம் கழுவப்பட்ட அதே காலத்தில், சரிவுகளில் ரப்பர் ஏறியது. பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ, சிங்கப்பூர் தாவரத் தோட்டத்திலிருந்து பெற்ற நாற்றுகளை 1877இல் கோலகங்சாரில் தம் மாளிகைத் தோட்டத்தில் நட்டார் என்பது பள்ளிப் பாடநூல்களிலும் இடம்பெற்ற செய்தி. ஆயினும் பால்மரம் பெருந்தோட்டமாகப் பரவியது 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், மோட்டார் வண்டிச் சக்கரத்தின் தேவை விலையை ஏற்றிய பிறகே. காட்டை வெட்டி எரித்து, மரங்களுக்கு இடையே ஒரு புல்லும் முளைக்காதபடி நிலத்தைச் சுரண்டி வைப்பதே நல்ல தோட்டத்தின் அடையாளம் என்று அக்காலத் துரைமார் கருதினர். புல் மரத்தின் உணவைத் திருடும், லாலாங் புல் ஒருமுறை வேர்விட்டால் தோட்டமே அழியும், களை மண்டிய தோட்டத்தைக் காணும் பங்குதாரர் நிருவாகியைச் சோம்பேறி என்று எண்ணுவார் என்ற மூன்று அச்சங்கள் இதற்குப் பின்னால் இருந்தன. மூன்றாவது அச்சமே மற்ற இரண்டையும்விட வலுவானது என்று கருத இடமுண்டு. இந்தச் சுத்தக் களையெடுப்பு தமிழ்த் தொழிலாளரின் மண்வெட்டியால் நடந்தது. தஞ்சாவூர், திருச்சி, சேலம் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியாக வந்த அவர்களில் பலர், ஏரியில் படிந்த வண்டலைக் கோடையில் வண்டியிலேற்றித் தம் வயலுக்கு எருவாகக் கொட்டிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அதே வண்டல் இங்கே மலைச்சரிவிலிருந்து கழன்று ஆற்றோடு போவதை அவர்கள் தினமும் கண்டனர். ஆனால் அவர்களுடைய கருத்தைக் கேட்கும் வழக்கம் எந்தத் தோட்ட அலுவலகத்திலும் இருக்கவில்லை.

மேல்மண் போனால் மரத்தின் வேர் வெளியே தெரியும், பால் குறையும், இட்ட உரம் மழையோடு போகும். ஆகவே ஆற்றைப் பற்றிக் கவலைப்படாத தோட்டங்களும் மண்ணைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கின. சரிவின் சம உயரக் கோட்டில் படிக்கட்டுபோல வெட்டிய மேடைகளும், கரைகளும், மண் குழிகளும் இவ்வாறு பிறந்தவை. மண் குழி என்பது மரவரிசைகளுக்கு இடையே சரிவுக்குக் குறுக்காக வெட்டப்படும் ஓர் ஆளுயரத்துக்கும் குறைந்த ஆழமுடைய நீள்பள்ளம். மேலிருந்து ஓடிவரும் நீர் அதில் விழுந்து வேகம் இழக்க, மணல் முதலிலும் களிமண் பின்னரும் அடியில் படியும். தெளிந்த நீர் மெல்ல மண்ணுக்குள் இறங்கும். மழைக்காலம் முடிந்ததும் தொழிலாளர் அதில் இறங்கி, படிந்த மண்ணை வாரி மேற்பக்கத்து மரங்களின் அடியில் எறிவர். ஒரு குழி எத்தனை முறை நிரம்பியது, எத்தனை ஆள் அதைத் தூர்வாரினர் என்பது தோட்டக் கணக்கரான கிராணியின் சம்பளப் பேரேட்டில் கூலிச் செலவாக ஏறியது. மண்ணரிப்பின் அளவை என்று யாரும் அதற்குப் பெயரிடாவிட்டாலும், பேராக் தோட்டங்களில் வழிந்தோடு நீரின் சேதம் முதன்முதலில் எண்ணாக மாறியது இந்தப் பேரேட்டில்தான். அந்த எண் தோட்டத்தின் எல்லையைத் தாண்டவில்லை. குழியைத் தாண்டி ஓடைக்குப் போன நீர் எவ்வளவு கலங்கலாக இருந்தது என்று அதே பேரேட்டில் எழுத எவருக்கும் காரணம் இருக்கவில்லை.

1925இல் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆய்வுக் கழகத்தின் காலத்தில் களையெடுப்புக் கொள்கை மெல்லத் தளர்ந்தது. பியூரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா போன்ற படரும் பயறுவகைக் கொடிகளை இளம் மரங்களுக்கு இடையே விதைத்தால் அவை மழைத்துளியின் அடியைத் தாங்குவதோடு மண்ணுக்கு நைட்ரஜனும் சேர்க்கும் என்பது தோட்டங்களில் பரவலாக ஏற்கப்பட்டது. இதில் கவனிக்கத்தக்க ஒரு முரண் உண்டு. மலாய், சீனச் சிறுதோட்டக்காரர்கள் தொடக்கத்திலிருந்தே மரங்களுக்கு அடியில் செடிகொடிகளை வளரவிட்டு வந்தனர். அதைப் பெருந்தோட்டக்காரர் பொறுப்பின்மை என்று எள்ளினர். 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்து, களையெடுக்கக் கூலி கொடுக்க முடியாத நிலையில் பெருந்தோட்டங்களும் செடிகளை வளரவிட்டபோதுதான், மண்ணரிப்பு குறைந்ததும் மரங்கள் செத்துவிடாததும் கண்கூடாயின. ஏழைத் தோட்டக்காரரின் கைப்பழக்கம், பொருளாதாரச் சரிவின் உதவியால், விஞ்ஞானப் பரிந்துரையாக மறுபிறவி எடுத்தது.

தோட்டத்து நீரை அதிகாரிகள் நெருங்கிச் சென்று பார்த்த மற்றொரு காரணம் சாவு. புதுத் தோட்டங்களில் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் தொழிலாளரைக் கொத்துக்கொத்தாகக் கொன்றன. சிலாங்கூரின் கிள்ளான் பகுதியில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சனின் ஆய்வுகள், காடு வெட்டப்பட்டு வெயில் படும் தெளிந்த மலையோடைகளிலேயே அனோபிலஸ் மாக்குலேட்டஸ் என்ற கொசு பெருகுவதை உணர்த்தின. அதனால் ஓடைகளை நிலத்தடிக் குழாய்களில் மூடுவதும், மூட முடியாதவற்றில் வாரந்தோறும் எண்ணெய் தெளிப்பதும் தோட்ட நிருவாகத்தின் கடமைகளாயின. கண்ணுக்குத் தெளிவான நீர் ஆபத்து என்றும் எண்ணெய்ப் படலம் மிதக்கும் நீர் பாதுகாப்பு என்றும் ஒரு தலைமுறை கற்றது, நீர்த்தர வரலாற்றில் விசித்திரமான ஒரு கட்டம். 1926இல் தோட்டச் சுகாதார வாரியங்களுக்கான சட்டம் வந்தபின் கிணறுகள், கழிப்பிடங்கள், வடிகால்கள் ஆகியவை ஆய்வாளரின் பார்வைக்குள் வந்தன. ஆனால் பார்வை லயம் எனப்படும் தொழிலாளர் வீட்டு வரிசையைச் சுற்றி மட்டுமே நின்றது. அதே காலத்தில் லாலாங்கை ஒழிக்கச் சோடியம் ஆர்சனைட் என்ற ஆர்சனிக் நஞ்சு தோட்டங்களில் பரவலாகத் தெளிக்கப்பட்டு, மனிதருக்கும் கால்நடைக்கும் அதனால் ஏற்பட்ட ஆபத்தை முன்னிட்டு இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் கைவிடப்பட்டது. தெளித்தவர் யார், தோட்டத்து ஓடையில் குளித்தவர் யார் என்ற கேள்விகளுக்கு விடை ஒன்றே. லயத்து வீடுகளுக்குக் குழாய்நீர் தருவது முதலாளியின் சட்டக் கடமை என்ற நிலை, விடுதலைக்குப் பின் 1966இல் இயற்றப்பட்ட தொழிலாளர் குடியிருப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டமும் அதற்குப் பதிலாக வந்த 1990ஆம் ஆண்டுச் சட்டமும் வழியாகவே உருவானது.

ஈயமும் ரப்பரும் எதிரெதிர்த் தரப்புகளாக இருந்திருந்தால் கலங்கலுக்கு எதிரான குரல் முன்பே உரத்திருக்கும். ஆனால் பல இடங்களில் இரண்டுக்கும் முதலாளி ஒருவரே. ஈப்போவுக்குத் தெற்கே, பத்துகாஜாவுக்குப் போகும் வழியில், ராயா ஆற்றங்கரையில் முடிக்கப்படாமல் நிற்கும் மாளிகையைக் கட்டிய ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித்தின் கிந்தா கெல்லாஸ் என்ற பெயர், ரப்பர்த் தோட்டத்துக்கும் ஈயத் தூர்வாரிக் கம்பெனிக்கும் பொதுவானது. 1926இல் அவர் லிஸ்பனில் இறந்தார். மாளிகையையும், அதைக் கட்டிய தமிழ்த் தொழிலாளருக்காக அருகில் எழுந்த மாரியம்மன் கோயிலையும் பார்க்க இன்றும் சுற்றுலாப் பயணிகள் வருகின்றனர். அடியில் ஓடும் ராயா ஆற்றின் கதையைக் கேட்பவர் அரிது.

ரப்பர் ஆலை வேறொரு வகை அழுக்கை ஆற்றுக்குக் கொண்டுவந்தது. பால்வெட்டு முடிந்து வாளிகளில் வந்த பால், கொட்டகையில் நிறுக்கப்பட்டு, வடிகட்டப்பட்டு, ஃபார்மிக் அமிலம் கலந்து தட்டுகளில் உறையவிடப்படும். உறைந்த கட்டியை உருளைகளில் கொடுத்துத் தகடாக்கும்போது பிழிந்து வெளியேறும் மஞ்சள்நிற நீரில் பாலின் புரதமும் சர்க்கரையும் அமிலமும் எஞ்சியிருக்கும். அது வாய்க்காலில் தேங்கி நுரைத்து அழுகும்போது எழும் நாற்றம், ஆலையை அண்டி வாழ்ந்த எவருக்கும் மறக்க முடியாதது. கட்டிப்பால் தயாரிக்கும் ஆலைகளில், சுழற்பொறியில் பிரிந்த மெல்லிய பாலை உறையவைக்கக் கந்தக அமிலம் சேர்க்கப்பட்டதால், காற்றுப்படாத குட்டைகளில் அது அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக வெளிப்பட்டது. இவற்றையெல்லாம் மிஞ்சியது செம்பனை ஆலை. 1960களிலிருந்து ரப்பர் சரிவுகள் செம்பனைக்கு மாறின. தெலுக் இந்தானை அடுத்த ஜெண்டராத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் பிளான்டேஷன்ஸ் போன்ற கம்பெனிகள் கீழ்ப்பேராக்கில் அதற்கு முன்பே செம்பனையில் ஊன்றியிருந்தன. பழக்குலையை நீராவியில் அவித்துப் பிழியும்போது, ஒரு டன் எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று டன் வரை, கொதிக்கக் கொதிக்க, பழுப்பு நிறத்தில், புளிப்பான கழிவுநீர் வெளியேறும்.

அந்தக் கழிவுநீரின் வீரியத்தை அளக்கப் பயன்படும் சோதனைக்கு உயிர்வேதியியல் ஆக்சிஜன் தேவை என்று பெயர். நீரில் உள்ள அழுகும் பொருளை நுண்ணுயிர்கள் தின்னும்போது அவை நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. மூடிய புட்டியில் நீரை நிரப்பி இருட்டில் வைத்து, தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள ஆக்சிஜனைக் கணக்கிட்டு, குறைந்த அளவை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்வதே சோதனையின் சாரம். இங்கிலாந்தின் அரச கழிவுநீர் ஆணையத்தின் வழியில் உலகெங்கும் பரவிய முறை, புட்டியை ஐந்து நாள் குளிர்ந்த வெப்பநிலையில் வைக்கச் சொன்னது. மலேசியா தன் ஆறுகளின் வெப்பத்தை ஒட்டி 30 பாகை செல்சியஸில் மூன்று நாள் என்று மாற்றிக்கொண்டது. இறக்குமதியான அளவுகோலை உள்ளூர் ஆற்றுக்கேற்பத் திருத்திய அரிய செயல் அது. வீட்டுக் கழிவுநீரில் இந்த அளவு சில நூறு மில்லிகிராம். செம்பனை ஆலைக் கழிவில் அது 25,000ஐ ஒட்டியது. 1970களின் நடுவில் நாட்டின் செம்பனை ஆலைகள் ஆறுகளில் கொட்டிய அழுகும் பொருளின் சுமை, நாட்டு மக்கள் அனைவரும் வெளியேற்றும் கழிவின் சுமையையே விஞ்சிவிட்டதாக மதிப்பிடப்பட்டது. மீன் செத்து மிதந்தபோது, ஆற்றோர மலாய்க் கிராமத்தாரின் குரல் அரசியலில் கேட்கப்படும் குரலாகவும் இருந்தது.

1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், அதன்கீழ் 1977இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கும் 1978இல் ரப்பர் ஆலைகளுக்கும் வந்த ஒழுங்குவிதிகளும் உலக அளவில் பாடமாகப் படிக்கப்பட்டவை. செம்பனை ஆலை வெளியேற்றும் நீரில் மேற்சொன்ன அளவு 1978 ஜூலையில் 5,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று தொடங்கி, ஆண்டுதோறும் 2,000, 1,000, 500, 250 என்று இறக்கி, 1984இல் 100 என்ற படியில் நிறுத்தினர். உரிமக் கட்டணத்தையும் கழிவுச் சுமையோடு பிணைத்தனர்: ஆற்றில் விடும் சுமைக்கு டன்னுக்கு 10 ரிங்கிட், வரம்பை மீறிய பகுதிக்கு டன்னுக்கு 100 ரிங்கிட். ஆலைகள் முதலில் முணுமுணுத்தாலும், ரப்பர் ஆய்வுக் கழகமும் 1979இல் நிறுவப்பட்ட செம்பனை எண்ணெய் ஆய்வுக் கழகமும் உதவ, ஆழமான குட்டைகளை வரிசையாக வெட்டிக் கழிவை அழுகவைத்துத் தெளிவிக்கும் முறையை விரைவில் கைக்கொண்டன. எண்ணெய் உற்பத்தி பெருகியபோதே ஆற்றுக்குப் போன சுமை வெகுவாகச் சரிந்தது. குறைசொல்ல எளிதான அரசுத் துறைகளில், சுற்றுச்சூழல் துறையின் இந்தச் சாதனைக்கு உரிய பாராட்டைக் கொடுத்தே ஆக வேண்டும்.

அதே வெற்றி ஒரு குருட்டுப்புள்ளியையும் நிலைநாட்டியது. ஆலைக்கு ஒரு குழாய்வாய் உண்டு. அதன் அடியில் புட்டியைப் பிடிக்கலாம். உரிமத்தில் கையொப்பமிட்டவர் யார் என்பது தெரியும். ஆயிரம் ஏக்கர் தோட்டத்திலிருந்து இரவு மழையில் நூறு இடங்களில் வழியும் நீருக்கு அத்தகைய வாய் இல்லை. மேலும், பதப்படுத்திய ஆலைக் கழிவை ஆற்றில் விடாமல் செம்பனை வரிசைகளுக்கு இடையே உரமாகப் பாய்ச்சினால் வரம்பு தளர்ந்தது. பயிருக்கு அது நன்மையே எனினும், கனமழையில் அது எங்கே போகிறது என்ற கேள்வி ஆலையிலிருந்து வயலுக்கு இடம் மாறியது. பழைய வண்டல் சட்டங்களுக்குப் பதிலாக வந்த 1960ஆம் ஆண்டின் நிலப் பாதுகாப்புச் சட்டம், மலைநிலத்தில் அனுமதியின்றி வெட்டுவதையும் வண்டல் வெளியேறுவதையும் தடுக்கிறது. நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதால் அதைச் செயல்படுத்துவதும் மாநிலத்தின் முனைப்பைப் பொறுத்தது. இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை முதிர்ந்த செம்பனையைச் சாய்த்து மறுநடவு செய்யும்போது, மூடுகொடி படர்வதற்கு முந்திய சில மாதங்களில் நிலம் 1910இன் தோட்டம்போல வெறுமையாகக் கிடக்கிறது என்பதை எந்தப் புட்டியும் பதிவதில்லை.

கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்கள் பகாங் மாநிலத்தைச் சேர்ந்தவை. ஆனால் 1963இல் முடிந்த மின்திட்டம் அங்குள்ள தெலோம், பெர்த்தாம் ஆறுகளின் நீரை ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் கூட்டி, மலையைக் குடைந்த சுரங்க வழியாகப் பேராக்கின் ஜோர் மின்நிலையத்துக்கும், பின்னர் 1960களின் இறுதியில் அமைந்த வோ நிலையத்துக்கும் அனுப்பி, தாப்பாவை அடுத்த பத்தாங் பாடாங் ஆற்றில் விடுகிறது. இதனால் பகாங்கில் கழன்ற மண் பேராக்கின் கவலையாகிறது. செங்குத்தான சரிவில் வெட்டிய மேடைகளிலிருந்து வந்த வண்டல் ரிங்லெட் நீர்த்தேக்கத்தின் கொள்ளளவில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. 2013 அக்டோபர் 23 அன்று கனமழையில் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது கீழேயுள்ள பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் பலியாயின. வண்டல் தேக்கத்தை அடைந்த பிறகு அதை அளப்பதற்கும், அது கிளம்பும் பாத்தியின் ஓரத்தில் அளப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த இரவு காட்டியது.

கீழ்ப்பேராக்கின் கடலோரத் தோட்டங்களில் சிக்கல் தலைகீழானது. அங்கே நிலம் தட்டையானது, மண்ணரிப்பு பொருட்டல்ல. ஆனால் சதுப்பு மண்ணின் அடியில் பைரைட் எனும் இரும்புக் கந்தகக் கனிமப் படிவு உண்டு. வடிகாலை அளவுக்கு மீறி ஆழமாக வெட்டி அந்தப் படிவைக் காற்றுக்குத் திறந்துவிட்டால் அது கந்தக அமிலமாக மாறி, மரத்தையும் வாய்க்கால் மீனையும் கொல்லும். எனவே மதகுகளின் அருகே நட்ட அளவுக்கம்புகளில் நீர்மட்டத்தைப் பார்த்து, வறட்சியில் நீரைத் தேக்கியும் மழையில் திறந்துவிட்டும் வருவது அங்கே அன்றாட வேலை. தோட்டக்காரரின் சொந்த நலனும் ஆற்றின் நலனும் ஒன்றிய இடத்தில் அளவீடு தானாகவே நடக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

21ஆம் நூற்றாண்டில் தோட்டத்து ஓடையின் அருகே மீண்டும் புட்டியோடு ஆள் வந்தது, சட்டத்தைவிடச் சந்தையின் வற்புறுத்தலால். ஐரோப்பியக் கொள்முதலாளர்களுக்குச் சான்று காட்ட ஆர்.எஸ்.பி.ஓ. என்ற செம்பனை எண்ணெய் வட்டமேசை அமைப்பு வகுத்த நெறிகளின்கீழ், 2008 ஆகஸ்டில் உலகிலேயே முதலாவதாகச் சான்றிதழ் பெற்றது பேராக்கின் யுனைடெட் பிளான்டேஷன்ஸ். 2020 முதல் எம்.எஸ்.பி.ஓ. என்ற உள்நாட்டுச் சான்றிதழ் நாடெங்கும் கட்டாயமானது. இவற்றின்படி, ஆற்றின் அகலத்துக்கு ஏற்ப 5 மீட்டர் முதல் 50 மீட்டர் வரை இரு கரையிலும் உரமோ களைக்கொல்லியோ இடாத காப்புப் பட்டை விடப்படுகிறது. ஓடை தோட்டத்துக்குள் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் நீர் எடுத்து ஒப்பிடப்படுகிறது. உள்ளே வந்த நீரைவிட வெளியே போகும் நீர் கலங்கலாகவோ, அம்மோனியா மிகுந்தோ இருந்தால் குற்றம் நடுவில் உள்ள நிலத்தினுடையது. நூறாண்டுகளாகச் செய்ய முடியாததாகக் கருதப்பட்ட வேலை இவ்வளவு எளியது. களைக்கொல்லித் தெளிப்பில் ஈடுபட்ட பெண் தொழிலாளரின் உடல்நிலை குறித்துத் தெனாகனித்தா அமைப்பு 2002இல் வெளியிட்ட ஆய்வும், அதே ஆண்டில் அறிவிக்கப்பட்டு, 2006இல் தளர்த்தப்பட்டு, இறுதியில் 2020 ஜனவரியில் முழுமையடைந்த, பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் மீதான தடையும், நஞ்சு ஓடையைச் சேர்வதற்கு முன் ஒரு மனித உடலைக் கடக்கிறது என்பதை நினைவூட்டுகின்றன.

தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலோர் இதற்குள் தோட்டங்களை விட்டு ஈப்போவின் புந்தோங் போன்ற பகுதிகளுக்கும் பிற நகரங்களுக்கும் போய்விட்டனர். செம்பனை வரிசைகளில் இன்று வேலை செய்வோர் பெரும்பாலும் இந்தோனேசியா, வங்காளதேசம், நேபாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஈயக் குட்டைகளில் மீனும் இறாலும் வளர்க்கப்படுகின்றன. சுற்றுச்சூழல் துறை 1978 முதல் ஆறுகளைக் கண்காணித்து, கரைந்த ஆக்சிஜன், உயிர்வேதியியல் ஆக்சிஜன் தேவை, வேதியியல் ஆக்சிஜன் தேவை, அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் திடப்பொருள், அமில காரத் தன்மை ஆகிய ஆறு அளவுகளை ஒரே குறியீட்டெண்ணாக்கி, ஆறு தூய்மையானதா, சற்று மாசடைந்ததா, மாசடைந்ததா என்று ஆண்டறிக்கையில் சொல்கிறது. ஆறு சொல்லும் அந்த எண் பொதுவெளியில் உள்ளது. தோட்டத்து ஓடை சொல்லும் எண் தணிக்கையாளரின் கோப்பில் உறங்குகிறது, ஊரார் காண்பது பெரும்பாலும் அதன் சுருக்கத்தையே. இத்தகைய எண்ணை வெளியிடுவதற்கு முன்னுதாரணம் உண்டு: புகைமூட்டக் காலங்களில் காற்றுமாசுக் குறியீட்டெண்ணை இரகசியமாக வைத்திருந்த மலேசிய அரசு, 2005 ஆகஸ்டில் அதை வெளியிட முடிவெடுத்தது. அதனால் சுற்றுலாவோ முதலீடோ அழிந்துவிடவில்லை, மக்கள் முகமூடி அணிய வேண்டிய நாளை அறிந்துகொண்டனர். தோட்டத்தின் நுழைவிலும் வெளியேற்றத்திலும் எடுக்கப்படும் நீரளவுகளை மாதந்தோறும் தோட்ட அலுவலகப் பலகையிலும் அண்டையிலுள்ள பள்ளிகளிலும் ஒட்டும்படி பேராக் மாநில அரசு உத்தரவிட வேண்டும். அதற்குப் புதிய கருவியோ புதிய ஆய்வகமோ தேவையில்லை. நில உரிம நிபந்தனையில் ஒரு வரி சேர்த்தால் போதும்.